துண்டுக்குள் ரெண்டு பாயிண்ட்

கடற்கரை என்று பேர்தானே தவிர, அவர் பிறந்து வளர்ந்ததெல்லாம் எப்போதும்வென்றான் என்கிற ஊருக்குப் பக்கத்துக் கரிசல்காட்டில். படிப்பு மூணாங்கிளாஸ். அந்த வகுப்பு வாத்தியார் இவருக்குப் பயந்து மாற்றல் வாங்கிக்கொண்டு போனதால்தான் படிப்பு நின்றது என்பார். ஊரார் சொல்லும் காரணம் வேறு. அதை எழுதி இங்கே இடத்தை அடைக்க வேண்டாம்.

இருபது வயசில் வத்தல் லாரியில் கிளீனராகக் கோலாப்பூர் போனார். போன இடத்தில் வண்டி படுத்துவிட்டது. ஒரு வாரத்தில் வண்டி சரியாகித் திரும்பி வந்தது, கடற்கரை வரவில்லை. அங்கே ஒரு குஸ்திக் கொட்டகையில் மண்ணைக் கொத்திப் போட்டு, எருமைப்பாலைக் குடித்து, மூன்று வருசம் கழித்து ஊரில் வந்து இறங்கினார். இறங்கின ஆளுக்குக் கழுத்து எங்கே முடிகிறது, தோள் எங்கே தொடங்குகிறது என்று ஒருத்தராலும் சொல்ல முடியவில்லை. சரி, கரிசல்காட்டில் குஸ்தி போட யார் இருக்கிறார்கள்? ஆட்டு யாவாரத்தில் இறங்கினார். அப்பன் பாட்டன் தயவில்லாமல் சந்தையில் நாலு பேர் எழுந்து நின்று கும்பிடும்படி தலையெடுத்தார். ஆனாலும் ஊர் அவருக்கு வைத்த பேர் 'ஆட்டுக் கடற்கரை'.

அந்தப் பேரை மாற்றியது ஒரு விசில்.

தொண்ணூற்றெட்டாம் வருசம், பள்ளிக்கூடங்களுக்குள் மல்யுத்தப் போட்டி நடத்தச் சொல்லி மேலிடத்திலிருந்து தாள் வந்தது. ஓட்டப்பிடாரம் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் சாமுவேல்ராஜ் டிரில் மாஸ்டர். அவர் நல்லா வாலிபால் ஆடுவார். மல்யுத்தத்தைப் படத்தில் பார்த்ததோடு சரி. இங்கிலீஷ் விதிப்புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடற்கரை வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, புத்தகத்த நான் வாசிக்கேன். ஆளுகள நீங்க பாத்துக்கிடுங்க."

"என்ன போட்டிருக்கான் புத்தகத்துல?"

"கீழ தள்ளுனா ஒரு பாயிண்ட். முதுக தரைக்குத் திருப்பிட்டா ரெண்டு. ரெண்டு தோளும் அழுந்தப் பட்டா ஆட்டமே முடிஞ்சுது."

"இத எழுதவா இம்புட்டுப் பக்கம்?"

பருத்தியை அடைத்து மெத்தை தைத்து, மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டினார்கள். பையன்களுக்கு உடுப்பு தைக்க, சட்டை தைத்தே பேர்போன புதியம்புத்தூரில் கொடுத்தார்கள். தையலில் குறை சொல்ல முடியாது. ஆனால் நெஞ்சுக்கு நேரே ஒரு பை வைத்துவிட்டார்கள். "பை இல்லாம தச்சுப் பழக்கமில்ல சார்" என்று பதில் வந்தது. முதல் ஆட்டத்தில் ஒருத்தனை மல்லாக்கத் தள்ளியதும் பையிலிருந்து கடலைமிட்டாய் கொட்டியது. நடுவராக நின்ற கடற்கரை விசிலடித்து ஆட்டத்தை நிறுத்தி, "பொறுக்கிக்கோலே, பெறவு தோக்கலாம்" என்றார். சனம் கைதட்டியது. அன்றிலிருந்து அவர் 'ரெப்ரி அண்ணாச்சி'.

விசில் கழுத்தை விட்டு இறங்கவே இல்லை. பெண்சாதி வெயிலுகந்தம்மாள் ஒருநாள் கேட்டேவிட்டாள்: "குளிக்கும்போதாவது கழத்துனா என்ன? தண்ணி வந்து ஆட்டத்துக்குக் கூப்பிடுதா?"

"உனக்கென்னட்டி தெரியும். கலெக்டருக்கு டவாலி, எனக்கு இது."

எல்லாம் நல்லாத்தான் போனது. ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. ரெப்ரி ரெண்டு என்பார், பக்கத்தில் உட்கார்ந்த ஜட்ஜ் சாமுவேல்ராஜ் ஒண்ணு என்பார். ரெண்டு பேரும் சத்தம் போட்டுப் பேசினால் ரெண்டு ஊர்க்காரர்களும் செருப்பைக் கழற்றிவிட்டுக் களத்தில் இறங்குவார்கள். கடற்கரை யோசித்தார். ஆட்டுச்சந்தையில் விலையை யாராவது வாய்விட்டுப் பேசுகிறானா? துண்டைப் போட்டு, அதற்குள் கைவிட்டு, விரலைப் பிடித்துத்தான் பேசுகிறான். துண்டு விழுந்த இடத்தில் மூணாவது ஆள் வாயைத் திறக்கக் கூடாது. அது சந்தை மரியாதை. சாமுவேல்ராஜும் ஆடு வளர்க்கிற வீட்டுப் பிள்ளைதான். அடுத்த தகராறில் தோள் துண்டை எடுத்துக் கையில் போட்டார். ரெண்டு கையும் உள்ளே போனது. சனம் கப்சிப். பாயிண்டு வெளியே வந்தது.

மூன்று வருசம் இப்படியே ஓடியது. அப்புறம் யாரோ ஒரு புண்ணியவான் மனு எழுதிப் போட்டான்.

ரெண்டாயிரத்தொண்ணு ஆவணி மாசம். மைதானத்தில் ஜீப் வந்து நின்றது. இறங்கியவர் அய்யாத்துரை, விளையாட்டுகளை மேற்பார்க்க வந்த அதிகாரி. பாளையங்கோட்டையிலேயே பிறந்து வளர்ந்தவர். ஆட்டைத் தட்டில்தான் பார்த்திருக்கிறார். மனுவை எடுத்து வாசித்தார்.

"மேற்படி நடுவர், ஒவ்வொரு ஆட்டத்திலும் துண்டுக்குள் கைவிட்டுப் பேரம் பேசி வெற்றியை விற்கிறார். இப்படிக்கு, பொதுநலன் விரும்பி." நிமிர்ந்து பார்த்தார். "என்ன ஓய், நெசமா?"

"துண்டுக்குள்ள கைவிடுதது நெசம் சார். உள்ள இருக்கது பாயிண்டு."

"பாயிண்ட எதுக்கு ஒளிச்சுப் பேசணும்?"

"இது எழுதுனவன் சந்தைக்கு வராத ஆளு சார்" என்று சொல்லி, கடற்கரை விவரமாக எடுத்துச் சொன்னார். ஒரு விரலைப் பிடித்தால் ஒண்ணு, ரெண்டைப் பிடித்தால் ரெண்டு. ஒத்துக்கொண்டால் பிடித்த விரலை இறுக்க வேண்டும். இறுக்கின பிறகு மாற்றுப்பேச்சு கிடையாது.

அதிகாரி அசையவில்லை. துண்டை வாங்கி மடித்து, தடயம் என்று சொல்லித் தன் தோல்பையில் வைத்துக்கொண்டார். "இன்னைக்கு பைனலுக்கு நானே ஜட்ஜா உக்காருதேன். நீரு சுத்தமா நடத்துனா சரி. இல்லன்னா சாயங்காலம் விசில கழத்திக் குடுத்துட்டுப் போயிரும்."

விசில் போனால் நாளைக்குக் காலையில் டீக்கடையில் 'வாரும் ஆட்டுக் கடற்கரை' என்பான்கள். மூன்று வருசக் கௌரவம் ஒரு மடக்கு டீயில் போய்விடும்.

பைனல். மூன்று வருசம் ஆள் புரண்டதில் தார்ப்பாய் கிழிந்து, ஓட்டை வழியே பருத்தி பிதுங்கிக்கொண்டிருந்தது. சிவப்பு உடுப்பு இசக்கிராஜா, ஊதா உடுப்பு கிங்ஸ்டன். கிங்ஸ்டன் நாலு, இசக்கிராஜா மூணு. கடைசிப் பத்து விநாடியில் இசக்கிராஜா காலைப் பிடித்து வாரி, கிங்ஸ்டனைச் சாய்த்து ஒரு புரட்டு புரட்டினான். கடற்கரை கன்னத்தைத் தார்ப்பாயில் ஒட்டவைத்துப் பார்த்தார். முதுகு திரும்பியது. எழுந்து ரெண்டு விரலைக் காட்டினார்.

"ஒண்ணு!" என்று நாற்காலியிலிருந்து அதிகாரி கத்தினார். "வெறுமன தள்ளுனதுதான்!"

ஒண்ணு என்றால் சமம், இன்னொரு சுற்று. ரெண்டு என்றால் இசக்கிராஜாவுக்குக் கப்பு. கிங்ஸ்டன் ஊர்க்காரர்கள் "ஒண்ணு" என்று எழுந்தார்கள். இசக்கிராஜா ஊர்க்காரர்கள் "ரெண்டு" என்று எழுந்தார்கள். ஒரு நாற்காலி ஆகாயத்தில் போனது.

அதிகாரி முகம் வெளுத்து ஓடிவந்தார். "யோவ், என்னய்யா இது! என்ன செய்ய?"

"துண்டு இருந்தா செஞ்சிரலாம் சார்."

"எங்க துண்டு?"

"ஒங்க பையில. தடயம்."

அதிகாரி தோல்பையைத் திறந்து தடயத்தை உருவினார். கடற்கரை அதை உதறி ரெண்டு பேர் கைமேலும் போட்டார். அவ்வளவுதான். கைவீசி வந்தவன் கையைக் கட்டினான். நாற்காலி தூக்கினவன் அதைப் போட்டு அதிலேயே உட்கார்ந்தான்.

துண்டுக்குள் அதிகாரியின் கை வெந்த சேனைக்கிழங்கு மாதிரி மெத்தென்று இருந்தது. அவர் ஒரு விரலைப் பிடித்தார். கடற்கரை ரெண்டைப் பிடித்தார். மறுபடி ஒண்ணு. மறுபடி ரெண்டு.

"ஓய்," அதிகாரி உதட்டை அசைக்காமல் சொன்னார், "ஒண்ணுன்னு ஒத்துக்கிடும். மனுவ இங்கனயே கிழிச்சுப் போடுதேன்."

கடற்கரைக்கு ஒரு நிமிசம் கை தளர்ந்தது உண்மை. ஒரு விரல்தானே. விசிலும் கழுத்தில் கிடக்கும், பேரும் நிலைக்கும். எதிரே இசக்கிராஜா மூச்சு வாங்க நின்றான். பக்கத்தில் கிங்ஸ்டன். அவன் தன் முதுகில் ஒட்டியிருந்த பருத்தியைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தான். முதுகில்!

"சார்," கடற்கரை குனிந்து சொன்னார், "ஒங்க கன்னம் நாற்காலியில இருந்துச்சு, என் கன்னம் தார்ப்பாயில இருந்துச்சு. விசில வேணா கழத்தித் தாரேன். பொய் வெல சொல்லி நான் ஒரு ஆடு வித்ததில்ல. அந்தப் பய முதுகப் பாருங்க, மெத்த ஓட்டையில இருந்த பருத்தி பூராவும் அங்கனதான் இருக்கு. மார்ல ஒரு இணுக்குக் காணோம்."

அதிகாரி பார்த்தார். துண்டுக்குள் மெத்தென்ற கை மெல்ல நகர்ந்து, ரெண்டு விரலைப் பிடித்தது. இறுக்கியது.

"முடிஞ்சுது!" என்று கடற்கரை துண்டை உருவி, விசிலை ஊதி, இசக்கிராஜா கையைத் தூக்கினார். கிங்ஸ்டன் ஊர்ப் பெரியவர் ஒருவர், "துண்டுல முடிஞ்ச பெறவு பேச என்ன இருக்கு, வாங்கலே" என்று ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார்.

ஒரு வாரத்தில் விசாரணை அறிக்கையின் நகல் வந்தது. சாமுவேல்ராஜ் வாசிக்க வாசிக்க, கடற்கரை "இன்னொருக்க" என்று மூன்று தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்: 'புகார் குறித்து நேரில் விசாரிக்கப்பட்டது. துண்டுக்குள் நானே கைவிட்டுப் பார்த்தேன். உள்ளே விரல்கள் மட்டுமே இருந்தன. நடுவர் பணியில் தொடரலாம்.'

"கேட்டியாட்டி?" என்று அடுப்படியைப் பார்த்துக் கத்தினார்.

"கேட்டுது. போன துண்டு எங்க? கல்யாணத்துக்கு எங்க அண்ணன் எடுத்துக் குடுத்த துண்டு."

அதுதான் திரும்பி வரவில்லை. தடயத்தைக் கோப்பில் சேர்க்க வேண்டும் என்று அதிகாரி அன்றைக்கே வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு போயிருந்தார். சாமுவேல்ராஜ் ரெண்டு தரம் நினைவூட்டுக் கடிதம் போட்டார். மூணாவது கடிதத்துக்குப் பதில் வந்தது: மேற்படி துண்டு தற்போது அலுவலகக் கூட்டங்களில் உபயோகத்தில் இருப்பதால், உடனடியாகத் திருப்பி அனுப்ப இயலாது.