பாதி இறக்கிய லோடு

பஸ் புதுவயலைத் தாண்டும்போது ஜன்னல் வழியே நெல் அவிக்கிற வாசனை வரும். மற்றவர்களுக்குப் பசிக்கும். நான் ஜன்னலைச் சாத்திவிடுவேன். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

காரைக்குடியில் ஒரு மாடி அறையில்தான் எங்கள் சாஃப்ட்வேர் கம்பெனி. புதுவயல் ரைஸ் மில் ஒன்றின் எடைமேடைக்கு ஒரு புரோகிராம் எழுதினோம். லாரி லோடோடு ஏறும், எடை போடும். இறக்கிவிட்டு வெறும் வண்டியாக ஏறும், மறுபடி எடை போடும். கேட்க இவ்வளவுதான். நெல் ஈரம் என்று திருப்பி அனுப்பினால்? நடுவில் கரண்ட் போனால்? இப்படி ஒரு கேள்வி சேரும்போதெல்லாம் புரோகிராம் போகிற பாதை இரண்டாகப் பிரியும். எல்லாவற்றையும் ஓட்டிப் பார்க்க ஆயுசு போதாது. எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று தீர்மானிக்கிற பெரிய மனுஷர்கள் நானும் செல்வியும்.

செல்விக்கு ஊர் பக்கத்துப் பள்ளத்தூர். படுக்கையில் கிடந்த அப்பாவுக்கு ஊட்டிவிட்டு வருவாள், பொழுது சாய்வதற்குள் ஓடுவாள். உள்ளூரில் வேலை இருந்ததால் முடிந்தது.

"பாதி லோடு இறக்கையில மழை வந்தா என்னண்ணே ஆகும்? அதையும் ஓட்டிப் பாத்துருவமா?" என்றாள்.

எங்கள் முதலாளி காதில் விழுந்துவிட்டது. "தினம் நடக்குறத மொதல்ல பாரு தாயி. காலையில மில்லுல மாட்டணும்."

அவர் சொன்னதிலும் தப்பில்லை. மழையைச் சேர்த்திருந்தால் வேறொன்றை விட்டிருப்போம்.

மறுநாள் காலையெல்லாம் மில்லில் அழகாக ஓடியது. மத்தியானம் மழை. மீதியை அடுத்த மில்லில் இறக்கச் சொல்லி மில்காரர் அனுப்பிவிட, ஒரு லாரி பாதி மூட்டையோடு எடைமேடையில் ஏறியது. ‘வண்டி காலியாக இல்லை’ என்றது திரை. என்ன அழுத்தியும் அதையேதான் சொன்னது. அடுத்த லாரியையும் ஏற்கவில்லை. ரோடுவரை வண்டிகள் நின்றுவிட்டன.

"நான் அங்குட்டுப் போறதா, இங்குட்டுப் போறதா சார்?" என்றார் டிரைவர்.

மில்காரர் திட்டியிருந்தால் தேவலை. "நல்லாத்தான் செஞ்சிருக்கீக. ஆனா கழட்டிருங்க" என்றார்.

மற்ற மில்களுக்கும் சேதி போய்விட்டது. அதோடு கம்பெனியை மூடினோம். அந்த அறையில் இப்போது செல்போன் பழுது பார்க்கிறார்கள். செல்விக்குச் சென்னையில்தான் வேலை கிடைத்தது. அப்பாவுக்கு ஆள் வைத்துவிட்டுப் போனாள்.

அவருக்கு ரொம்ப முடியவில்லை என்றதும் பஸ் ஏறியவள், திருச்சி தாண்டி எனக்குப் போன் செய்தாள். "வந்துக்கிட்டே இருக்கேன்னு அப்பாகிட்டச் சொல்லுங்கண்ணே."

நான் பள்ளத்தூர் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு மூச்சு இல்லை. "சொல்லிட்டேம்மா" என்றேன் போனில் அவளிடம். வேறு என்ன செய்ய?

காரியம் முடிந்து போனவள் அப்புறம் ஊர்ப்பக்கம் வரவில்லை. யாரைப் பார்க்க வருவாள்?