ஷோஷண் என்று உச்சரிக்கும் முறை

மழை விட்ட மறுநாள் புத்தக அலமாரியைத் திறந்தால் ஒரு வாடை அடிக்கும். ஈரச் சாக்கும் புளித்த மோரும் கலந்த மாதிரி. இந்தத் தீவில், கராச்சர்மாவில் புத்தகம் வைத்திருப்பவனுக்கு இது பழகிப்போன வாடைதான். துணியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு அட்டையாகத் துடைக்கிறேன். பாசிசம் பற்றிய புத்தகத்தில் பாசி. முதலாளித்துவத்துக்கு இந்தியில் பூஞ்சிவாத் என்பார்கள். அதைப் பற்றிய புத்தகத்தில் பூஞ்சை. சிரிக்கலாம். முன்பு சிரித்தும் இருக்கிறேன். இப்போது அந்த வாடை வந்தால் ஒரு மனிதரின் நாக்குதான் ஞாபகம் வருகிறது. மேலே எழும்பி, எங்கே நிற்பது என்று தெரியாமல் தடுமாறிய நாக்கு.

இந்தச் சொற்களை எல்லாம் நான் கண்ணால் கற்றவன். காதில் விழுந்ததே இல்லை. ஹெஜிமனியா, ஹெகெமனியா? பூர்ஷ்வாவை எங்கே அழுத்துவது, எங்கே விடுவது? கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய வாய்கள் எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம், மெயின்லேண்டில் இருந்தன. தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று சொல்லாமலே பாதி வயது போய்விட்டது. கவிதைக்குள் எழுதிவிட்டால் யாரும் வாய்விட்டுச் சொல்லச் சொல்வதில்லை. அந்தத் தைரியத்தில்தான் எழுதினேன்.

நாக்கு தடுமாறிய அந்த மனிதர் புரோத்ராபூரில் இருந்தார். குடிநீர்க் குழாய் வேலையில் தினக்கூலி மஸ்தூர். இருபது வருஷமாக அதே தினக்கூலி. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நான் அண்ணே என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார், கிண்டல் செய்ய வேண்டுமானால் கவிஞரே. வேலையை நிரந்தரமாக்குவது பற்றி விசாரிக்க மெயின்லேண்டிலிருந்து ஒரு குழு வந்தது. அவரோடு வேலை பார்த்த ஒன்பது பேருக்கும் சேர்த்து அவர் பேச வேண்டும். இந்தியில் பேச வேண்டும். எழுதிக் கொடுக்க என்னிடம் வந்தார்.

அவரிடமே ஒரு பேச்சு இருந்தது. திண்டுக்கல் தமிழும் தீவு இந்தியும் பிசைந்த பேச்சு. “பைப் டூட்னே ஸே ஹம்கோ டூண்ட்தா, லிஸ்ட் மே நை டூண்ட்தா. இப்படிச் சொல்லிரவா தம்பி? குழாய் ஒடைஞ்சா எங்களத் தேடுறாங்க, லிஸ்ட் போடுறப்ப தேட மாட்டேங்குறாங்க. அம்புட்டுத்தான விசயம்.”

“இது பேச்சுண்ணே. அங்க போய் வாதம் வைக்கணும்” என்றேன் நான். நான்தான் சொன்னேன்.

சுரண்டல் என்று எழுத ஆசைப்பட்டேன். அதற்கு இந்தியில் ஷோஷண். பீஸ் சால் ஸே ஹமாரா ஷோஷண் ஹோ ரஹா ஹை: இருபது வருஷமாக எங்களைச் சுரண்டுகிறார்கள். தமிழ் எழுத்தில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன்.

“சுரண்டுறதுன்னா அடிப்பிடிச்ச சட்டியச் சுரண்டுவமே, அதானே?” என்று கேட்டார்.

“அதேதான். ஆனா நீங்க சோசன்னு சொல்றீங்க. ஷோ. நாக்கை மேல தூக்குங்க, ஒட்ட விடாதீங்க, காத்தை மட்டும் விடுங்க.”

“சோ.”

“ஷோ.”

அவர் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். “இங்க கோழி ஒண்ணும் வரலையே. ரெண்டு பேரும் யார வெரட்டுறீங்க?”

மூன்று பேரும் சிரித்தோம். அவர் மட்டும் சிரிப்பை முதலில் நிறுத்திவிட்டுத் தாளைப் பார்த்தார். ஏழு நாள் சாயங்காலமும் அதே சொல்தான். குழாய்க்கு மரை போடுகிறவர் பிசகாமல் சுற்றுவது போல, அந்தச் சொல்லைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஏறவில்லை. கடைசி நாள் எனக்கு ஒரு யோசனை வந்தது. எனக்கு யோசனை வந்த நேரங்களை எல்லாம் என் வாழ்க்கையிலிருந்து வெட்டிவிட முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

“போஷணைன்னு நம்ம தமிழ்ல சொல்றோம் பாருங்க, ஊட்டி வளர்க்கிறது. அதே வாட்டம்தான். போவ எடுத்துட்டு ஷோவப் போடுங்க.”

“அட, இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே கவிஞரே” என்றார். அன்றைக்குச் சரியாக வந்தது. பத்துத் தடவை சொன்னார், பத்தும் சரி.

அபர்டீன் பஜாருக்கு மேலே ஒரு மண்டபத்தில் விசாரணை. ஆளுக்கு இரண்டு நிமிஷம். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவர் தோய்த்துத் தேய்த்த சட்டையோடு எழுந்தார். தாளைப் பார்க்கவே இல்லை.

“பீஸ் சால் ஸே ஹமாரா போஷண் ஹோ ரஹா ஹை, சாப்.”

இருபது வருஷமாக எங்களை ஊட்டி வளர்க்கிறார்கள், ஐயா.

மேசையில் இருந்தவர்களில் ஒருவர் நிமிர்ந்தார். பக்கத்தில் இருந்தவர் வாயைப் பொத்திக்கொண்டார். “அச்சா? ஃபிர் ஷிகாயத் க்யா ஹை?” அப்படியானால் புகார் என்ன என்று நிமிர்ந்தவர் கேட்டார். மண்டபம் முழுக்கச் சிரித்தது. தன் பேச்சு அவர்களுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்து அவரும் சிரித்தார். இன்னும் சத்தமாக, ஒரு கையை உயர்த்தி, அதே வாக்கியத்தை மறுபடி சொன்னார். மறுபடி சிரிப்பு. மணி அடித்துவிட்டார்கள்.

நான் எழுந்திருக்க வேண்டும். சாப், அவர் சொல்ல வந்தது வேறு, எழுதியவன் நான் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். என் இந்தியும் தப்பாகிவிடும் என்று பயந்தேன். அரசாங்க ஆபீசில் வேலை பார்க்கிறவன் என்றும் பயந்தேன். எது முதலில் வந்த பயம் என்று இன்றைக்கும் எனக்கே தெரியவில்லை. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன்.

தான் என்ன சொன்னோம் என்பதை வெளியே ஒரு ஆட்டோக்காரர்தான் அவருக்கு விளக்கினார். அவர் என் பக்கம் திரும்பவில்லை.

பட்டியல் வந்தபோது பத்துப் பேரில் ஒருவர் பெயரும் இல்லை. பட்டியல் முன்பே முடிவானது, யார் என்ன பேசியிருந்தாலும் இதுதான் என்று ஆபீசில் சொன்னார்கள். இருக்கலாம். அதை நம்பினால் எனக்கு நல்லது, அதனாலேயே நம்ப முடியவில்லை. மற்ற ஒன்பது பேரும் அவரைப் பார்த்தால் “க்யா பாய், போஷண் டீக் ஹை?” என்று கேட்டார்கள். சாப்பாடு எல்லாம் நன்றாக நடக்கிறதா என்று. கோபத்தில் இல்லை, வேடிக்கைக்குத்தான் கேட்டார்கள். அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். பஸ்ஸில் டிக்கெட் வாங்கும்போது ஊர்ப் பெயரைக்கூடச் சொல்லாமல் கையைக் காட்டினார்.

பிறகு வேலையை விட்டார். மெயின்லேண்டில் மனைவியின் அண்ணன் ஊருக்கே போய்விடுவது என்று முடிவு செய்தார்கள். கப்பல் புறப்படும் நாளில் ஹாடோ துறைமுகத்துக்குப் போனேன். இரண்டு டிரங்குப் பெட்டி, ஒரு மூட்டை. அவர் மனைவி என்னிடம் வழக்கம்போலப் பேசினார், சாப்பிட்டீங்களா என்று கேட்டார். அவர் பெட்டிக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தார். மன்னிப்பு என்று ஏதோ தொடங்கினேன். அதையும் அழகான வாக்கியமாகத்தான் யோசித்து வைத்திருந்தேன் போல. பாதியில் வெட்கமாகி நிறுத்திவிட்டேன்.

வரிசை நகர்ந்தது. அவர் மூட்டையைத் தோளில் ஏற்றினார்.

“போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுங்கண்ணே.”

“பண்ணி என்னத்தப் பேச, தம்பி?”