ஆறாவது கொள்ளுப் பை

பிப்ரவரி 11. காலை நடை, இரண்டு தோசை, சட்டை துவைத்தல், எல்லாம் வழக்கம்போல். மாலை ஐந்தரைக்குத் தூத்துக்குடி உப்பளத்தை ஒட்டிய குதிரை லாயத்தில் நிற்கிறேன். நாளை மறுநாள் வண்டிப் பந்தயம். ஒன்றின் தீனியை இன்னொன்று பறிக்காமலிருக்க, ஐந்து குதிரைகளின் முகத்திலும் கொள்ளுப் பை கட்டியிருக்கிறார் லாயக்காரர். ஒன்றுகூட மெல்லவில்லை. காலியாக நிற்கும் ஆறாவது கட்டுத்தறியையே பார்க்கின்றன.

“அங்கன நின்னது போன மாசம் செத்துட்டு. சிரிக்காதிய அண்ணாச்சி, அதுக்கும் ஒரு பை மாட்டுனாத்தான் இதுக வாய அசைக்கும். தின்னாம எப்படி ஓடும்?”

கொள்ளு நிறைந்த ஆறாவது பையைக் கட்டுத்தறியில் மாட்டுகிறார். ஐந்தும் ஒரே நேரத்தில் மெல்லத் தொடங்குகின்றன.

“அந்தக் கொள்ளை அப்புறம் எடுத்துருவீங்களா?” என்கிறேன்.

“மிஞ்சுனாத்தான எடுக்க?”

மறுநாள் காலை, பல்கூடத் துலக்காமல் போய் அந்தப் பைக்குள் கையை விடுகிறேன். கொள்ளு இல்லை. உட்புறம் வெதுவெதுப்பாக நனைந்திருக்கிறது.