எண்ணெய் தேய்த்த நாளில் எடுத்த படம்

என் மகளின் கருவிழியை அளந்தது குறித்து உறவினர் பலவாறு பேசி வருகின்றனர். எண்ணெய்க் குளியலால் அவள் கண் கெட்டது என்பது அவற்றுள் ஒன்று. அஃது உண்மையன்று என்பதைப் பதிவு செய்யவே இதனை எழுதுகிறேன்.

இரண்டாயிரத்துப் பத்துகளின் இறுதி அது. பழங்காநத்தத்தில் குடியிருந்தோம். மகள் கல்லூரிக் கபடி அணியில் ஆடினாள். தடித்த மூக்குக்கண்ணாடியோடு கபடி ஆட இயலாது. கருவிழிமேல் ஒட்டிக்கொள்ளும் வில்லையோ புழுதியில் உறுத்தும். வாடிப்பட்டியில் ஆடிவிட்டு வரும் நாள்களில் இரு கண்களையும் கசக்கியபடியே வீடு சேர்வாள். லேசர் சிகிச்சை செய்துகொண்டு கண்ணாடியை விட்டொழிக்க வேண்டும் என்பதே அவள் எண்ணமெல்லாம். அதற்குமுன் கருவிழியின் மேற்படலம் எங்கெங்கு எவ்வளவு தடிமன் என்பதை ஒளிப்படம் எடுத்து அளக்க வேண்டும் என்றார் மருத்துவர். அடியில் புடைப்பு தொடங்கியிருந்தால், அதன்மேல் படலம் மெலிந்து அப்புடைப்பை வெளித்தெரியாமல் நிரவிவிடுமாம்.

குறித்த நாள் வெள்ளிக்கிழமை. கண்ணுக்குக் குளிர்ச்சி என்று வற்புறுத்தி, காலையில் அவளை எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் செய்தவன் நானே.

படமெடுத்த பெண் திரையைப் பார்த்துவிட்டு மகளின் கண்ணை உற்றுநோக்கினாள். "என்னம்மா, இம்புட்டு எண்ணெய் மெதக்குது? கண்ணுக்கும் சேத்துத் தாளிச்சு விட்டாகளா?"

"எங்கப்பாவைக் கேளுங்கக்கா" என்றாள் மகள்.

படத்தில், நடுவுக்குச் சற்றுக் கீழே, படலம் ஓரிடத்தில் மெலிந்து தெரிந்தது. எண்ணெயால் அளவு பிழைத்திருக்கலாம், திங்களன்று மறுபடியும் எடுப்போம் என்று அப்பெண் அனுப்பிவைத்தாள்.

இடைப்பட்ட இரு நாள்களும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வண்டியூர்த் தெப்பக்குளத்தை எத்தனை முறை சுற்றினேனோ அறியேன். அச்சுப்படி திருத்துவது என் தொழில். பிறர் பிழை கண்டே வாழ்நாளைக் கழித்தவன், அப்போது பிழை என்னுடையதாகவே இருக்கவேண்டும் என்று ஏங்கினேன்.

திங்களன்று கண்ணில் எண்ணெய் இல்லை. படம் தெளிவாக விழுந்தது. மெலிவு அதே இடத்தில் இருந்தது. அடியில் புடைப்பு தொடங்கிவிட்டது, லேசர் கூடாது, கசக்கினால் அது வளரும், இனிக் கண்ணைக் கசக்கவே கூடாது என்றார் மருத்துவர்.

திரும்பும் பேருந்தில் மகளின் கை கண்ணருகே எழுந்து, பின் மடியில் இறங்கியது.

"கண்ணாடியக் கழட்டிட்டே ஆடுறேன்ப்பா. ஆளு மூஞ்சிதான் தெரியாது. கோடு தெரியும்."

அவ்வாண்டு அவள் ஆடிய ஆட்டங்களுள் ஒன்றையேனும் நான் உட்கார்ந்து பார்த்ததில்லை; நின்றபடியே பார்த்தேன்.

அளவெண்கள் நினைவில் இல்லாமையால் எழுதாது விட்டேன். படலத்தைப் பற்றி நான் விளங்கிக்கொண்டதில் தவறிருப்பின் கண்மருத்துவம் அறிந்தோர் திருத்தியருள்க. கிழமை தவறியிருந்தால் மகள் திருத்துவாள். எண்ணெயைப் பற்றிய செய்தியில் மட்டும் ஐயமில்லை.