ஏற்றியதும் திரும்பி வந்ததும்

சக்கர நாற்காலிகளின் பேட்டரிகளைப் பழுதுபார்க்கும் பட்டறையில் அவள் பதினொரு வருடமாக அளக்கும் வேலை செய்கிறாள். அங்கே அவளுக்குப் பெயர் மீட்டர். பேட்டரியை முழுதாகச் சார்ஜ் ஏற்றுவாள். பிறகு பலகையில் வரிசையாக மாட்டிய கார் விளக்குகளை அதில் எரியவிட்டு, தீரும்வரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஏற்றுவதில் ஒரு பங்கு சூடாகவும் வாயுவாகவும் போய்விடும். திரும்பி வருவதுதான் கொள்ளளவு. அதனால் சார்ஜர் காட்டும் எண்ணை அவள் பேட்டரியில் ஒட்டும் சீட்டில் எழுதுவதில்லை.

ஒரே ஒரு முறை எழுதினாள், அதுவும் தம்பிக்கு. தபால் அலுவலக வேலைக்குத் தினமும் தனியாக நாற்காலியில் போய்வருகிறவன் அவன். போய்வரப் பதினாறு ஆம்பியர் மணி சார்ஜ் செலவாகும், நூலகமும் சேர்ந்தால் இருபத்திரண்டு. இருவருக்கும் இது மனப்பாடம். மறுநாளே பேட்டரி வேண்டும் என்று அவன் அவசரப்படுத்தினான். வீட்டு ஆள்தானே என்று, ஏற்றிய அளவான இருபத்துநான்கையே எழுதி ஒட்டினாள்.

அதை நம்பி அவன் நூலகத்துக்கும் போனான். திரும்பும்போது பாலத்து ஏற்றத்தில் நாற்காலி நின்றுவிட்டது. முன்பின் தெரியாத இரண்டு பேர் வீடுவரை தள்ளிவந்தார்கள்.

"இனிமே ஆபீஸ் வேன்லயே போயிக்கறேன்," என்றான். "அவங்க வர்றப்போ கிளம்பணும், அவங்க திரும்பறப்போ திரும்பணும். பரவாயில்ல."

"தப்பு என்னோடதுடா. நாற்காலி மேல என்ன கோபம்?"

"கோபமில்லக்கா, பயம்."

இனி நடக்காது என்று அவள் சொல்லவில்லை. அளக்காமல் எழுதிய இன்னொரு சீட்டாகத்தான் அது இருந்திருக்கும்.

விடுமுறை நாளில் அவனைப் பட்டறைக்கு அழைத்துப்போய், முழுதாக ஏற்றிய அவன் பேட்டரியில் விளக்குகளை எரியவிட்டாள்.

"இவ்ளோ வெளிச்சத்துல உன் மூஞ்சி நல்லாவே இல்லக்கா."

"அளக்கறப்போ பேசாதே."

"ஏன், நான் பேசினா கரண்ட் தீந்துடுமா?"

நான்கே முக்கால் மணி நேரத்தில் வோல்ட்மீட்டரின் முள், தீர்ந்தது என்று குறித்த இடத்துக்கு இறங்கியது. விளக்குகள் இழுப்பது நான்கு ஆம்பியர், ஆகக் கணக்கு பத்தொன்பது. பழைய சீட்டைச் சுரண்டிவிட்டுப் புதிய எண்ணை எழுதினாள்.

"ஆபீஸுக்கு மூணு மிச்சம். நூலகத்துக்குப் பத்தாது."

"ரெண்டு மாசம் கழிச்சு?"

"குறையும். மறுபடி அளப்பேன். பதினாறுகிட்ட வந்தா, போகாதேன்னு நானே சொல்வேன்."

அவன் சீட்டிலிருந்த எண்ணை ஒருமுறை வாய்விட்டுப் படித்தான்.

"வேன் வேண்டாம்னு சொல்லிடுக்கா."

"போறது யாரு, நானா? நீயே சொல்லு."

சொன்னான். நூலகம் போகும் நாளுக்கு மட்டும் வேனை வைத்துக்கொண்டான்.