மேல் ஸட்ஜமும் இரண்டு பெட்டிகளும்

என் வீட்டுக்காரர் ஒரு டார்ச் லைட் வாங்கப் போனாலும் நாலு பேரிடம் விசாரித்து, ஐந்தாவது ஆள் சொன்னதில் குழம்பி, வெறுங்கையோடு திரும்பி வருவார். அப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டு மதுரை டாக்டர் சொன்னார்: "கழுத்துக் கட்டியை எடுத்துத்தான் ஆகணும்மா. பேச்சுக்குப் பயமில்லை. பாட்டுல மேல் ஸ்தாயி பழையபடி வருமான்னு மட்டும் என்னால சொல்ல முடியாது."

தொண்ணூறுகளின் கடைசி அது. வெளியே வந்ததும் இவர், "அதுக்குள்ள உன் பாட்டை நம்ம வீட்டுலயே பதிஞ்சிருவோம்" என்றார்.

நான் மேடைப் பாடகி இல்லை, பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சர். மேல் ஸட்ஜத்தில், அதாவது ஸரிகமபதநி முடிந்து வரும் உச்சி 'ஸ'வில், போய் நிற்கும்போது மட்டும் எனக்கே என்மேல் கொஞ்சம் மரியாதை வரும். அது போய்விடுமோ என்று பயந்து செத்தேன். பயத்தை வெளியில் காட்டாமல் எல்லோர்மேலும் எரிந்து விழுந்தேன்.

கம்ப்யூட்டர் வீட்டில் இருந்தது. மைக் இரவல் கிடைத்தது. இரண்டுக்கும் நடுவே, மைக்கில் விழும் பாட்டை வாங்கிக் கம்ப்யூட்டருக்குள் அனுப்ப ஒரு பெட்டி வேண்டும். அதைத் தேர்ந்தெடுப்பதில்தான் நாள் ஓடியது. ஒன்றில் இரைச்சல் என்றார், இன்னொன்று எர்த் அடிக்கிறது என்றார். ஆபரேஷன் நெருங்கிவிட்டது. நானே இவரை எங்கள் ஊர் வண்ணார்பேட்டையில் ஒரு ஆடியோ கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் இவருடைய கேள்விகளில் களைத்துப்போய், "அண்ணாச்சி, ரெண்டு பெட்டியையும் வீட்டுக்குக் கொண்டு போங்க. பிடிச்சத வச்சுக்கிட்டு மத்ததத் திருப்பிக் கொண்டாங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். எங்கள் பக்கம் பட்டுச்சேலையைத்தான் அப்படி வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பது வழக்கம்.

தேர்வும் சேலைத் தேர்வு மாதிரியேதான் நடந்தது. மாமியார் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்கள். தொண்டையை அலட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் சோதனைக்கு நான் பாடவில்லை, பேசினேன். எனக்குப் பேச்சுக்கா பஞ்சம்? "ஊருல அவனவன் பொண்ணு பாத்து, கல்யாணம் முடிச்சு, பிள்ளைக்குப் பேரும் வச்சுட்டான். நீங்க இன்னும் பெட்டி பாக்குதீங்க!" என்று ஆரம்பித்து, மூச்சு விடாமல் ஏசினேன். அவ்வளவும் கம்ப்யூட்டரில் பதிவானது.

மாமியார் முகம் மலர்ந்துவிட்டது. "ஏலே, இந்தக் கருப்புப் பெட்டியில இவ ஏசுதது எதுக்க நின்னு ஏசுத மாரியே இருக்கு."

பெட்டி முடிவாயிற்று. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் லெவல் திருகை இவர் பைய நகர்த்தி, என் ஏச்சு தெளிவாகக் கேட்ட இடத்தில் நிறுத்தினார்.

புதுச் சாமான் வந்தால் பொட்டு வைக்காமல் விடுவோமா? மாமியார் சந்தனமும் குங்குமமும் கொண்டுவந்தார்கள். பெட்டியின் முகத்தில் வேறு இடமே இல்லாததால் அந்தத் திருகின் தலையிலேயே பொட்டு விழுந்தது. "பொட்டு நேரா நிக்கி. இனிமே அத யாரும் திருகப்பிடாது" என்று உத்தரவும் போட்டார்கள். மின்சாரம் பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடிய என் வீட்டுக்காரர் அம்மாவின் பொட்டுக்குக் கட்டுப்பட்டார்.

மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலில் பஸ் சத்தத்துக்கு ஜமுக்காளம் கட்டி, வியர்க்க விறுவிறுக்க ஒரு மத்தியானம் முழுக்கப் பாடினேன். நான் மேலே போகும்போதெல்லாம் பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு மின்னியது. விளக்கு மின்னினால் பாட்டு நன்றாக ஏறுகிறது என்று நினைத்து இவர் தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார். கடைசிப் பாட்டைச் சேமித்த கையோடு கரண்ட் போய்விட்டது. போட்டுக் கேட்க முடியவில்லை. மறுநாள் காலையில் மதுரைக்குப் பஸ் ஏறினோம்.

ஆபரேஷன் முடிந்து வந்ததும் கொஞ்ச நாள் வாயைத் திறக்கக் கூடாது என்றார்கள். வீடு அமைதியாகக் கிடந்தது. அந்த அமைதி மாமியாருக்கே பொறுக்கவில்லை. ஒருநாள் உள்ளறையில் என் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். சோதனைக்காக நான் ஏசியதைப் போட்டு, இவர் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பாட்டைப் போடும்படி சைகை காட்டினேன். இவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மவுஸைப் பிடுங்கி நானே போட்டேன்.

கீழ் ஸ்வரங்கள் எல்லாம் அழகாக விழுந்திருந்தன. மேலே ஏறிய இடமெல்லாம் கிழிந்த ஸ்பீக்கர் மாதிரி கரகரவென்று உடைந்தது. ஏச்சுக்கு அளவெடுத்து வைத்த லெவல் பாட்டைத் தாங்கவில்லை. அந்தச் சிவப்பு விளக்கு மின்னியது அதைச் சொல்லத்தான். எந்த ஸ்வரத்துக்காக இத்தனை பாடுபட்டோமோ அது மட்டும் பதியவே இல்லை. வாய்விட்டு ஏசவும் வழியில்லாமல் அழுதேன்.

டாக்டர் அனுமதி கொடுத்த அன்று மெல்லப் பாடிப் பார்த்தேன். ஸட்ஜத்துக்கு ஒரு படி கீழே, நிஷாதம் வரை ஏறியது. அதற்கு மேலே வெறும் காற்றுதான் வந்தது. ஸட்ஜம் கம்ப்யூட்டரிலும் இல்லை, தொண்டையிலும் இல்லை. இனிமேல் எதற்குப் பாட வேண்டும் என்றிருந்தது.

இவர் எழுந்துபோய் மைக்கைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"சுருதியை இறக்கிப் பாடுட்டி. குரல் மெதுவா வந்தா லெவலை நான் ஏத்திக்கிடுதேன்."

ஐந்து கட்டையில் பாடிக்கொண்டிருந்தவள் மூன்று கட்டைக்கு இறங்கினேன். பயந்து பயந்துதான் ஏறினேன். மேல் ஸட்ஜம் வந்தது, நின்றது. அந்தப் பதிவில் நான் ஸட்ஜத்தில் நிற்கும் இடத்தில் இவர் மூக்கை உறிஞ்சுவதும் கேட்கிறது.