கிட்டங்கிச் சுவரும் ஒரு கோப்பைப் பிளேன்டியும்

போர் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு, ஒரு பள்ளிக்கூட விடுமுறையில் நான் கல்லும் சுண்ணாம்பும் சுமக்கப் போனேன். கூலிக்கு அல்ல, சும்மா. கற்பிட்டிக்கு எதிரே களப்புக்குள் இருக்கும் சின்னத் தீவொன்றில், கடலில் வெட்டிய முருகைக்கல்லால் கட்டிய ஒல்லாந்தர் காலத்துச் சரக்குக் கிட்டங்கி ஒன்று பாழடைந்து நின்றது. விடுமுறைக்கு வரும் வெளிநாட்டுக்காரர் பத்துப் பேர் இரண்டு கிழமை தங்கி அதைத் திருத்தப் போகிறார்கள், உள்ளூராரும் சேரலாம் என்று நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்து அறிவித்தல் பலகையில் ஒட்டியிருந்தார்கள். பெயர் கொடுத்த உள்ளூர் ஆள் நான் ஒருத்திதான். என் கணவர் வயிறு குலுங்கச் சிரித்தார். லீவில் மனிசர் குளிக்கப் போவார்கள், நீ கல்லுச் சுமக்கப் போகிறாய் என்றார்.

அவருக்கு நான் காரணம் சொல்லவில்லை. போர்க்காலத்தில், ஒன்பது வயதில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, வள்ளத்தில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கியவள் நான். அதன்பிறகு அகதி முகாமில் யாராவது எதையாவது எங்களுக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். அரிசி, கூரைக்குக் கிடுகு, யாரோ உடுத்திய உடுப்பு. வாங்கி வாங்கிக் கை கூசிப்போயிருந்தது. ஒரு தடவையாவது கொடுக்கிற பக்கத்தில் நிற்க வேண்டும் என்று எனக்கு வெறியே இருந்தது.

தீவில் அதற்கும் விடுவதாயில்லை. திருத்த வேலைக்குத் தலைவர் ஆங்கிலம் மட்டும் கதைக்கும் கொழும்புக் கட்டடக் கலைஞர். வந்ததும் என்னை அடுப்படிக்கு அனுப்பினார். மற்றவர்கள் ஏணியில் நிற்க, நான் ரொட்டி சுட்டேன். மூன்றாம் நாள் சண்டை பிடித்து ஒரு மேசன் கரண்டியை வாங்கிக்கொண்டேன். ஆனாலும் தேநீர் போடுவது என் தலையில்தான் இருந்தது.

அந்த வேலைக்கு உயிரே தண்ணீர்தான். உப்பேறிய சுவரை நல்ல தண்ணீரால் கழுவி, நல்ல தண்ணீரில் குழைத்த சுண்ணாம்புச் சாந்தைப் பூச வேண்டும். உப்புத் தண்ணீர் கலந்தால் பூச்சு ஒரு மாரிக்கும் தாங்காது. தீவில் நல்ல தண்ணீர் கிடையாது. கரையில் கண்டக்குழி என்ற ஊர்க்காரர் ஒருவர் தினமும் தன் ஊர்க் கிணற்றிலிருந்து வள்ளத்தில் கேன் கேனாகக் கொண்டுவந்தார்.

பத்தாம் நாள் குடிதண்ணீர்ப் போத்தல்கள் முடிந்துவிட, வேலைக்கு வந்த கேனிலிருந்து பால் சேர்க்காத பிளேன்டி போட்டேன். சாயம் கறுத்து, மேலே ஆடை படர்ந்தது. ஒரு வாய் குடித்ததும் எனக்குத் திரும்பவும் பத்து வயதாகிவிட்டது. முகாம் கிணற்றின் ருசி அப்படியே இருந்தது. அந்த உவரைக் குடித்து வளர்ந்த நாக்கு எப்படிப் பிசகும்?

வள்ளக்காரர் எதையும் மறைக்கவில்லை. கச்சான் காற்று மூசி அடித்ததால், இரண்டு நாளாகத் தூரத்திலுள்ள தன் ஊர்க் கிணற்றை விட்டுப் பக்கத்துக் கரைக் கிணற்றில் நிரப்பியதாகச் சொன்னார்.

"குடிச்சுத்தான் பாத்தன் டீச்சர், எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல்ல."

தலைவரும் குடித்துப் பார்த்தார். தேயிலைதான் மட்டம் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு நாளாகப் பூசிய வடக்குச் சுவர் முழுவதையும் சுரண்ட வேண்டும், தனியாகவென்றாலும் நான் சுரண்டுவேன் என்று எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் கத்திவிட்டு, தொடங்கியும் விட்டேன். வந்தவர்களுக்கு மீதியிருந்தது நாலே நாள். அதில் இரண்டு நாள் கடலில் குளிக்கவென்று ஒதுக்கி வைத்திருந்தது. அவர்களில் ஓய்வுபெற்ற தாதி ஒருத்தி முதலில் எழும்பி வந்து என் பக்கத்தில் நின்று சுரண்டினாள். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும் வந்தார்கள். தலைவர் ஒருவழியாக இறங்கி வந்தார், ஆனால் வாசலுக்கு இடப்பக்கம் ஒரு முழத் துண்டை மட்டும் தொடவிடவில்லை. யார் சரி என்பதை அந்தத் துண்டு சொல்லட்டும் என்றார். வள்ளக்காரர் காற்றோடு மல்லுக்கட்டித் தன் ஊர்க் கிணற்றுத் தண்ணீரையே கொண்டுவந்தார். கடைசி நாள் பொழுது சாய முன்னர் சுவரைத் திரும்பப் பூசி முடித்தோம்.

அந்த மாரி முழுக்க எனக்கு நிம்மதியில்லை. நான் சொன்னது பிழையென்றால், பத்துப் பேருடைய விடுமுறையைப் பாழாக்கியவள் ஆவேன்.

அடுத்த வருடம் புதுக் குழுவோடு மறுபடி போனேன். வள்ளம் கரை தட்டியதும் ஓடிப்போய்ப் பார்த்தேன். வாசலுக்கு இடப்பக்கத் துண்டு வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்து, பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, உள்ளே கல் தெரிந்தது. அதைச் சுற்றி நாங்கள் திரும்பப் பூசிய சுவர், மாரியில் நனைந்து காய்ந்தும் பூசியபடியே நின்றது. விரலால் தட்டினேன். ஒரு பொட்டுக்கூட உதிரவில்லை. சந்தோசத்தில் எல்லோர் முன்னாலும் அழுதேன்.

தலைவர் புதியவர்களைக் கூட்டி என்னைக் காட்டினார். இவர் குடித்துப் பார்த்துச் சரி சொல்லாமல் ஒரு சொட்டுத் தண்ணீரும் சாந்தில் சேராது என்று அறிவித்தார். வள்ளக்காரர் முதல் கேனைத் தூக்கிவந்து என் முன்னால் வைத்தார்.

"நீங்க ஓமெண்டாத்தான் மிச்சத்த இறக்குவன், டீச்சர்."

அந்தத் தண்ணீரில் தலைவரே அடுப்பு மூட்டிப் பிளேன்டி போட்டு, கோப்பையை என்னிடம் நீட்டினார். வாங்கினேன். கை கூசவில்லை. ஒரு வாய் குடித்துவிட்டு, "ஓம், இறக்குங்க" என்றேன்.